நாலுக்கு ஐந்து: ஒன்ராறியோ ஆசிரியர் ஓராண்டு விடுப்பு எடுக்கும் வழி

ஒன்ராறியோவில் அரச பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம், "ஒரு வருஷம் விடுப்பில் நின்றால் நல்லது." ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவோடு கொஞ்சக் காலம் இருக்க வேண்டும். இன்னொருவருக்கு எம்.எட். படிப்பு. வேறொருவருக்கு மகள் பல்கலைக்கழகம் போவதற்கு முதல் அவளோடு ஒரு வருடமாவது வீட்டில் இருக்க ஆசை. ஆனால் அதற்கான வழி தங்கள் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது என்பதைப் பலர் வாசித்துப் பார்ப்பதில்லை. தெரிந்தவர்களும் நன்றாகக் களைத்த பிறகுதான் தேடுகிறார்கள். அப்போது தேடினால் கதவு மூன்று நான்கு வருடம் தள்ளித்தான் திறக்கும். அதனால் உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்கும்போதே இதை வாசியுங்கள். நான் இந்த வழியில் ஒரு வருடம் நின்று, திரும்பி வந்து, இப்போதும் வகுப்பில் நிற்கிறேன்.

இது என்ன விடுப்பு

அமெரிக்காவில் சில மாநிலங்களில் கல்விச்சபையே சம்பளம் கொடுத்து ஓய்வாண்டு தருகிறது. பென்சில்வேனியாவில் 10 ஆண்டு வேலை செய்த ஆசிரியர் அரைச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்கலாம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. இங்கே அப்படி எதிர்பார்க்க வேண்டாம். இங்கே பெரும்பாலும் கிடைப்பது சம்பளத்தில் ஒரு பங்கைப் பல வருடம் ஒதுக்கி வைத்து, பிறகு அந்தக் காசிலேயே ஒரு வருடம் நிற்கும் ஏற்பாடு. நான்கு வருடம் வேலை, ஐந்தாவது வருடம் விடுப்பு, ஐந்து வருடமும் 80 சதவீதச் சம்பளம். ஆசிரியர் அறையில் இதை 'ஃபோர் ஓவர் ஃபைவ்' என்பார்கள். நாங்கள் எங்களுக்குள் 'நாலுக்கு ஐந்து' என்போம்.

"என் காசைத்தானே எனக்குத் திருப்பித் தருகிறார்கள், நானே வங்கியில் போட்டு வைக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். போடலாம். ஆனால் அந்தக் காசுக்கு உழைத்த வருடத்திலேயே வரி கட்டிவிடுவீர்கள். இந்த ஏற்பாட்டில் ஒதுக்கிய காசுக்கு வரி, அது கையில் வரும் வருடத்தில்தான். கனடாவில் வருமானம் ஏற ஏற வரி வீதமும் ஏறுவதால், நான்கு வருடம் 100, ஒரு வருடம் பூச்சியம் என்று எடுப்பதைவிட ஐந்து வருடமும் 80 என்று எடுப்பது உங்களுக்கு இலாபம். இன்னொன்று, திரும்பி வர வேலை இருக்கும் என்பது எழுத்தில் இருக்கும்.

வரிச்சட்டம் போடும் வேலி

கல்விச்சபைக்குக் கல்விச்சபை விதிகள் கொஞ்சம் மாறும். ஆனால் எல்லாத் திட்டமும் ஒரே வேலிக்குள்தான் நிற்க வேண்டும். அந்த வேலி மத்திய அரசின் வருமானவரி ஒழுங்குவிதி 6801. அதனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் படிப்பிக்கும் ஆசிரியருக்கும் இதே சட்டகம்தான். இதில் உள்ளவற்றை ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வருடத்தில் நீங்கள் ஒதுக்கக்கூடிய உச்சம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒதுக்கத் தொடங்கி ஆறு வருடத்துக்குள் விடுப்புத் தொடங்கிவிட வேண்டும். விடுப்பு தொடர்ச்சியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் முழுநேரமாகப் படிக்கப் போனால் மட்டும் மூன்று மாதம் போதும். விடுப்புக் காலத்தில் உங்கள் கல்விச்சபையிடம் ஒதுக்கிய காசையும் வழமையான சலுகைகளையும் தவிர வேறு சம்பளம் வாங்கக்கூடாது. விடுப்பு முடிந்ததும், எத்தனை காலம் நின்றீர்களோ குறைந்தது அத்தனை காலம் திரும்பி வேலை செய்ய வேண்டும். ஒதுக்கிய காசுக்கு வட்டி வந்தால் அது அந்தந்த வருடமே உங்களுக்குத் தரப்படும், அந்த வருடமே வரியும் கட்ட வேண்டும்.

ஆறு மாத விதியை நடைமுறையில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயர்பள்ளியில் படிப்பிப்பவர்கள் "முதல் பருவம் மட்டும் நிற்கிறேன், செப்டம்பர் முதல் ஜனவரி வரை" என்று நினைப்பார்கள். எண்ணிப் பார்த்தால் அது ஐந்து மாதம். அரை வருட விடுப்புத்தான் வேண்டும் என்றால் உங்கள் சபை அதை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கணக்கெடுக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

முதலில் ஒப்பந்தம், பிறகு படிவம்

உங்கள் சங்கம் எதுவாக இருந்தாலும், எட்ஃபோ, ஓ.எஸ்.எஸ்.டி.எஃப்., ஒ.ஈ.சி.டி.ஏ., எதுவோ, உங்கள் கல்விச்சபையோடு செய்த உள்ளூர்க் கூட்டு ஒப்பந்தத்தைத் திறந்து விடுப்புப் பகுதிக்குப் போங்கள். மாகாணம் முழுவதற்குமான ஒப்பந்தத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இது பெரும்பாலும் உள்ளூர்ப் பகுதியில் இருக்கும். யார் தகுதி, எத்தனை வருடச் சேவை, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தர ஆசிரியராக இருப்பது எப்படியும் தேவைப்படும்.

கடைசித் தேதி அநேகமாகப் பள்ளி ஆண்டின் நடுவில், குளிர்காலத்தில் வரும். செப்டம்பரில் ஒதுக்கத் தொடங்க விரும்புகிறவர் ஜூனில் யோசித்தால் ஒரு வருடம் போய்விடும்.

அப்புறம் சங்கத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் ஆட்கள் பலருக்குச் சங்கத்தை அழைக்கக் கூச்சம், ஏதோ முறைப்பாடு வைக்கப் போவதுபோல. மாதாமாதம் சந்தா கட்டுகிறீர்கள், இது அவர்களுடைய வேலை. உங்கள் சபையில் இந்த விடுப்பு எடுத்துத் திரும்பிய இரண்டு மூன்று பேரோடு தொடர்பு ஏற்படுத்தித் தரமுடியுமா என்று கேளுங்கள். படிவத்தைவிட அந்தப் பேச்சு அதிகம் சொல்லித் தரும்.

கணக்கு

இதில்தான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். சம்பளம் 1,00,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு மூன்று எடுத்தால் வருடத்துக்கு 66,667 கையில், மூன்றாவது வருடம் விடுப்பு. மூன்றுக்கு நான்கு என்றால் 75,000. நாலுக்கு ஐந்து என்றால் 80,000. ஐந்துக்கு ஆறு என்றால் சுமார் 83,333. வீட்டுக் கடனும் சிறுபிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இரண்டுக்கு மூன்று மிகக் கடினம். நாலுக்கு ஐந்துதான் பலருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஐந்துக்கு ஆறு இன்னும் இலகுவாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. விடுப்பு ஆறு வருடத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், ஏதாவது காரணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டி வந்தால் உங்களுக்கு ஒரு வருட இடைவெளிதான். நாலுக்கு ஐந்தில் இரண்டு வருடம் இருக்கிறது. வயதான பெற்றோர் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த இரண்டாவது வருடம் பெரிய ஆறுதல்.

சம்பளப் படிநிலையில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். விடுப்பு வருடத்தில் கிடைப்பது அந்த வருடச் சம்பளத்தின் 80 சதவீதம் இல்லை. முந்தைய நான்கு வருடங்களில் ஒதுக்கியவற்றின் கூட்டுத்தொகை. 90,000, 94,000, 98,000, 1,02,000 என்று சம்பளம் ஏறினால், அவற்றின் 20 சதவீதம் சேர்ந்து 76,800. ஐந்தாவது வருடம் வேலையில் இருந்திருந்தால் சம்பளம் 1,06,000, அதில் 80 சதவீதம் 84,800. இடையில் 8,000 டொலர் பள்ளம். படிநிலையின் உச்சிக்கு வந்த அனுபவசாலிகளுக்கு இந்தப் பள்ளம் சிறியது. இந்த ஏற்பாடு 15, 20 வருடம் படிப்பித்தவர்களுக்கு அதிகம் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் வரும் காசு உண்மையில் 20 சதவீதம் குறையாது. வரியும் குறைவதால் அதைவிடக் குறைவாகத்தான் குறையும். குடும்ப வருமானம் இறங்குவதால் பிள்ளைகளுக்கான கனடா கொடுப்பனவு கொஞ்சம் ஏறவும் கூடும். கனடா ஓய்வூதியத் திட்டமான சி.பி.பி.-க்கு 2025-இல் அடிப்படை வருமான உச்சம் 71,300 டொலர். நாலுக்கு ஐந்தில் 80,000 எடுப்பவர் அதற்கு மேலேயே இருப்பதால் அவருடைய சி.பி.பி. பெரிதாகப் பாதிக்காது. இரண்டுக்கு மூன்று எடுத்து 66,667-க்கு இறங்குபவருக்கு அது உச்சத்துக்குக் கீழே போய்விடும். ஓய்வுகாலத்துக்கான வரிச்சலுகைச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.-யில் போடக்கூடிய இடமும் குறையும்.

கையெழுத்துப் போடுவதற்கு முதல் ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு மாதம், ஒவ்வொரு சம்பளத்திலும் 20 சதவீதத்தைத் தொடாத ஒரு கணக்கில் போடுங்கள். வரி குறையாமலே இதைச் செய்வதால் சோதனை உண்மையைவிடக் கடுமையாக இருக்கும். இதில் தாக்குப்பிடித்த குடும்பம் நான்கு வருடமும் தாக்குப்பிடிக்கும். நானும் கணவரும் இப்படித்தான் முடிவெடுத்தோம். இரண்டாவது மாதத்தில் காரைத் திருத்த வேண்டி வந்தது, அப்போதும் அந்தக் கணக்கைத் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்

மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்ட பதிலை நான்கு வருடம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

- ஒதுக்கும் வருடங்களில் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு முழுச் சம்பளத்தின் மேல் கழிப்பீர்களா, குறைந்த சம்பளத்தின் மேலா?
- விடுப்பு வருடத்தை ஓய்வூதியச் சேவையில் சேர்க்க நான் எப்போது, எப்படிப் பணம் கட்ட வேண்டும்?
- விடுப்பு வருடத்தில் மருந்து, பல், நீண்டகால இயலாமைக் காப்புறுதிகளைத் தொடரலாமா? முழுக் கட்டணமும் என்னுடையதா?
- ஒதுக்கிய காசு மாதாமாதம் வருமா, மொத்தமாக வருமா?
- திரும்பி வரும்போது அதே பள்ளிக்கூடமா, சபையில் எங்காவது ஓர் இடமா?
- இடையில் விலக நேர்ந்தால் என்ன நடக்கும்?

மொத்தமாக வரும் என்றால் யோசியுங்கள். அது விழும் வருடத்தில் மற்ற வருமானத்தோடு சேர்ந்து உங்களை உயர்ந்த வரிப்படிக்குத் தூக்கிவிடும். இடையில் விலகினாலும் இதே கதைதான். சேர்ந்த காசு முழுவதும் திரும்பி வரும், ஆனால் அந்த ஒரே வருடத்தின் வருமானமாக.

ஓய்வூதியத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவமுள்ள ஆசிரியருக்கு மிகப் பெரிய சொத்து அதுதான். ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் வயதும் சேவை வருடங்களும் கூட்டி 85 வந்தால் குறைவில்லாத ஓய்வூதியம். சேவை வருடம் ஒவ்வொன்றுக்கும், மிகச் சிறந்த ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தின் 2 சதவீதம் என்பதுதான் கணக்கின் அடி, அதிலிருந்து சி.பி.பி.-க்காக ஒரு கழிவு இருக்கும். விடுப்பு வருடத்தை வாங்கிச் சேர்க்காவிட்டால் ஒரு வருடச் சேவை குறையும், அந்தக் குறை ஆயுள் முழுவதும் தொடரும். அதனால் அந்த வருடத்துக்குரிய தொகையை விடுப்புக்கான வரவுசெலவிலேயே முதல் வரியாகப் போடுங்கள். வேறு செலவெல்லாம் அதற்குப் பிறகு.

ஓய்வு பெறப் போகும் கடைசி வருடத்தை இப்படி எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. திரும்பி வந்து வேலை செய்தே ஆக வேண்டும், இந்த ஏற்பாடு ஓய்வுக்கான சேமிப்பாக இருக்கக்கூடாது என்று ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. 85 எந்த வருடம் வருகிறது என்று பார்த்து, விடுப்பை அதற்கு இரண்டு மூன்று வருடமாவது முன்னால் வையுங்கள்.

இளம் ஆசிரியைகளுக்கு ஒன்று. ஒதுக்கும் வருடங்களில் ஈ.ஐ. என்னும் வேலைக் காப்புறுதிக்கு முழுச் சம்பளத்தின் மேல் கழிப்பார்கள், விடுப்பு வருடத்தில் கழிக்க மாட்டார்கள். அதாவது விடுப்பில் நிற்கும் மாதங்கள் ஈ.ஐ. மணித்தியாலங்களாகக் கணக்கில் வராது. பிரசவ விடுப்புக்குக் கடந்த 52 வாரங்களில் 600 மணித்தியாலம் வேண்டும். விடுப்பு முடிந்த கையோடு குழந்தை என்று திட்டமிருந்தால் இதை முதலில் சேவிஸ் கனடாவிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒதுக்கும் வருடங்கள்

ஒப்புதல் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் ஒரு கோப்பு திறவுங்கள். முதல் சம்பளச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். என் முதல் சீட்டில் 20 சதவீதத்துக்குப் பதிலாக 25 சதவீதம் கழித்திருந்தார்கள். யாரோ ஒருவர் மூன்றுக்கு நான்கு என்று பதிந்துவிட்டார். திருத்த இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதி என்னிடம் இருந்ததால்தான் அது இரண்டு மாதத்தோடு முடிந்தது.

பிறகு வருடா வருடம் சேர்ந்த தொகைக்கான அறிக்கையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவ்வளவுதான், இந்த வருடங்களில் வேறு வேலை இல்லை.

வெளிநாட்டில் நிற்கப் போகிறவர்களுக்கு

ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், எந்த 12 மாதத்திலும் 212 நாள் வரை மாகாணத்துக்கு வெளியே நிற்க விடும். செப்டம்பரில் யாழ்ப்பாணமோ சென்னையோ போய் அடுத்த ஜூலையில் வருகிறவருக்கு அது போதாது. நீண்ட காலம் வெளியே நிற்கப் போவதை சேவிஸ் ஒன்ராறியோவுக்கு முன்கூட்டியே சொல்லி, காப்புறுதியைத் தக்கவைக்க விண்ணப்பியுங்கள். அங்கே நடக்கும் வைத்தியத்துக்கு ஓஹிப்பை நம்ப வேண்டாம், தனியே பயணக் காப்புறுதி எடுங்கள். வீடும் குடும்பமும் இங்கே இருக்கும் வரை வரிக்கு நீங்கள் கனடாவாசிதான், எங்கே இருந்தாலும் வரிப் படிவம் இங்கே போட வேண்டும். விசா எத்தனை நாளுக்கு என்பதையும் டிக்கெட் எடுக்க முதலே பாருங்கள்.

விடுப்பில் வேறு இடத்தில் வேலை செய்யலாமா? உங்கள் சபையைச் சேராத வேறு முதலாளியிடம் செய்யலாம். உங்கள் சபையில் ஒரு நாள் பதில் ஆசிரியராகப் போவதுகூடக் கூடாது. பழக்கதோஷத்தில் அதிபர் அழைப்பார், மறுத்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஓ.சி.டி.-யின் ஆண்டுச் சந்தாவை அந்த வருடமும் கட்டுங்கள். விட்டுவிட்டால் திரும்பி வரும் ஆகஸ்டில் அலைச்சல்.

போவதற்கு முந்தைய வசந்தம்

வகுப்பை ஒப்படைப்பதை நான் மிகவும் கவனமாகச் செய்தேன். நீங்கள் நிற்கும் ஒரு வருடம் இன்னொருவருக்கு எல்.டி.ஓ. என்னும் நீண்டகாலப் பதில் ஆசிரியர் வேலை. பல வருடம் காத்திருக்கும் இளம் ஆசிரியருக்கு நிரந்தர வேலைக்கான படி அது. அலுமாரியைத் துப்புரவாக்கி, அலகுத் திட்டங்களையும் எந்தப் பெற்றோரோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்ற குறிப்புகளையும் விட்டுச் செல்லுங்கள். என் இடத்துக்கு வந்த பெண் ஜூனில் மூன்று நாள் வந்து என் வகுப்பில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நல்லதாகப் போனது என்று திரும்பி வந்த பிறகுதான் அறிந்தேன்.

அந்த வருடத்தில் என்ன செய்வது என்பது உங்கள் பாடு. ஒன்றே ஒன்று கேட்பேன்: செப்டம்பரையும் ஒக்டோபரையும் வெறுமையாக விடுங்கள். 20 வருடம் மணி அடித்தால் எழும்பி ஓடிய உடம்பு இறங்க இரண்டு மாதம் எடுக்கும். ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமான ஓ.ஐ.எஸ்.இ.-யில் படிப்பு என்று முடிவெடுத்தவர்களுக்கு அந்த வசதி இல்லைதான், அவர்கள் ஜூலையையாவது சும்மா விடட்டும். நான் நவம்பரில் யாழ்ப்பாணம் போனேன். அம்மாவோடு நான்கு மாதம். காலையில் அவ தேங்காய் துருவுவா, நான் பக்கத்தில் இருந்து கதை கேட்பேன். என் 18 வயதுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்காத காலைகள் அவை.

திரும்பி வரும்போது

மார்ச் அளவில் மனிதவளப் பிரிவிடமிருந்து உங்கள் இடம் பற்றிய கடிதம் வந்ததா என்று பாருங்கள். ஆளணி ஒதுக்கீடு வசந்தத்தில்தான் நடக்கும், நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் அந்த மின்னஞ்சல்களைத் தவறவிடக்கூடாது. பள்ளிக்கூட மின்னஞ்சல் திறக்க முடியாமல் போகலாம், ஆகவே சொந்த மின்னஞ்சலைப் போவதற்கு முதலே கொடுத்து வையுங்கள். செப்டம்பரின் முதல் சம்பளச் சீட்டில் மூன்றைச் சரிபாருங்கள்: ஒதுக்குதல் நின்று முழுச் சம்பளம் வருகிறதா, படிநிலையில் பழைய இடத்தில் இருக்கிறீர்களா, காப்புறுதிக் கழிவுகள் பழையபடி தொடங்கிவிட்டனவா. அதே வாரத்தில் ஓய்வூதியத் திட்டத்தின் இணையக் கணக்கில் நுழைந்து விடுப்பு வருடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் வாங்கிச் சேர்க்கவில்லை என்றால் கடைசித் தேதியைக் குறித்து, பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை அந்தக் கோப்பில் வையுங்கள்.